1958-க்குப் பிறகு லீக் பட்டமே வாங்காத ஷால்க்கே எப்படிப் ‘பாரம்பரிய கிளப்’ ஆனது?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து புதிதாக ஒரு மேலதிகாரி வந்திருக்கிறார். மனிதருக்கு ஷால்க்கே 04 என்ற கால்பந்து கிளப் மேல் அப்படியொரு பைத்தியம். தேடிப் பார்த்தால் அந்த கிளப் கடைசியாக ஜெர்மன் சாம்பியன் ஆனது 1958-இல். அண்மையில் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியும் இருக்கிறது. இருந்தும் எங்கே படித்தாலும் ‘பாரம்பரிய கிளப்’ என்கிறார்கள். ஏன்? கூடவே ஒரு கொசுறுக் கேள்வி: அது ஹிட்லரின் அணியாமே, உண்மையா?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வரலாறு படித்தவன். 2003-லிருந்து ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கிறேன். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வார இறுதிகளில் அங்கே வழிகாட்டி. சுரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் யாராவது ஷால்க்கேயை இழுத்துவிடுவார்கள், அதனால் வேறு வழியில்லாமல் படித்துக்கொண்டேன். நான் அந்த அணியின் ரசிகன் இல்லை. என் வீடு பக்கத்து ஊரான போஹுமில், என் அணியும் அதுதான். ஆகவே நான் நல்லதாகச் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

ஷால்க்கே என்று ஒரு நகரம் கிடையாது. கெல்சன்கிர்ஷன் என்ற தொழில் நகரத்தின் ஒரு பேட்டை அது. நிலக்கரி கிடைப்பதற்கு முன் வயலும் சில பண்ணை வீடுகளுமாக இருந்த கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கமும் இரும்பாலையும் வந்து தலைகீழாக மாறியது. இங்கே ஒரு மொழி நுணுக்கம் உண்டு. ஜெர்மனில் ‘ஷால்க்கேக்குப் போகிறேன்’ என்றுதான் இலக்கணப்படி சொல்ல வேண்டும். ஆனால் ரசிகர்கள் சொல்வது ‘ஷால்க்கே மேல் போகிறேன்’. சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள், ‘சுரங்கத்தின் மேல்’ வேலை பார்க்கிறேன் என்று. சுரங்கம் ஒவ்வொன்றாக மூடிப்போன பிறகும் அந்த வேற்றுமை உருபு மட்டும் போகவில்லை. 2001-இல் புது மைதானம் கட்டியபோது அதன் பெயரிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

கிளப் தொடங்கியது 1904 மே 4. பெயர் வெஸ்ட்ஃபாலியா ஷால்க்கே. தொடங்கியவர்கள் பதின்ம வயதுப் பையன்கள். பள்ளி மாணவர்களும், தொழில் பழகிக்கொண்டிருந்த சிறுவர்களும். ‘சுரங்கத் தொழிலாளிகள் தொடங்கிய அணி’ என்று சுற்றுலாக் கையேடுகளில் வருவது முழு உண்மை இல்லை. சுரங்கக் குடியிருப்புகளின் நடுவே தொடங்கிய அணி என்பதுதான் சரி. இன்று ‘அரச நீலம்’ என்று உயிரை விடுகிறார்களே, அந்த நிறமும் தொடக்கத்தில் இல்லை. அப்போது சிவப்பும் மஞ்சளும். பெரிய மனிதர்கள் யாரும் பின்னால் இல்லாத இந்தச் சிறுவர் கூட்டத்தைக் கால்பந்துச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் 1912-இல் உள்ளூர் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றில் ஒரு பிரிவாக ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் பிரிந்து, 1919-இல் மறுபடி சேர்ந்து, 1924-இல் முழுசாகப் பிரிந்தபோதுதான் எஃப்.சி. ஷால்க்கே 04 என்ற பெயரும் நீலம் வெள்ளையும் வந்தன. ‘க்னாப்பன்’ என்ற பட்டப்பெயரும் உண்டு. சுரங்க வேலையாளைக் குறிக்கும் பழைய சொல் அது.

அந்தக் குடியிருப்புகளில் யார் இருந்தார்கள் என்பதுதான் கதையின் மையம். சுரங்கங்களுக்கு ஆள் போதாமல் அன்றைய ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்து ரயில் ரயிலாக அழைத்து வந்தார்கள். ஷால்க்கே பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் மசூரியாவிலிருந்து வந்தவர்கள். அது அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் தெற்குப் பகுதி, இன்று போலந்தில் இருக்கிறது. வீட்டில் போலிஷ் சாயலுள்ள ஒரு வட்டார மொழி பேசுவார்கள். ஆனால் கத்தோலிக்கர்கள் இல்லை, புராட்டஸ்டண்ட்கள். தங்களைப் பிரஷ்ய அரசரின் குடிகளாகவே நினைத்தவர்கள். ஏற்கெனவே இங்கே இருந்தவர்களுக்கு அந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப் போகிறது? குட்சோரா, ஷெப்பான், டிபுல்ஸ்கி என்று பெயர் வைத்தவன் எல்லாம் போலந்துக்காரன், அவ்வளவுதான். ‘போலாக்குகளும் கூலிகளும் ஆடும் கிளப்’ என்ற வசை அப்படித்தான் பிறந்தது. வசையைக் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் அதையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டால் தவறு. 1934-இல் ஷால்க்கே முதல்முறை ஜெர்மன் சாம்பியன் ஆனபோது, ‘ஜெர்மன் பட்டம் போலந்துக்காரர்கள் கையில்’ என்று போலந்துப் பத்திரிகை ஒன்று எழுதியது. கிளப் பதறிப்போய், வீரர்களின் பெற்றோர் எந்த எந்த ஊரில் பிறந்தார்கள் என்று பட்டியல் போட்டு, எல்லோரும் ஜெர்மானியர்களே என்று விளையாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. இன்று ‘குடியேறிகளின் கிளப்’ என்று கொண்டாடுகிறோம். அன்று அந்தக் குடியேறிகளே அந்த அடையாளத்தை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். 1934 ஜெர்மனியில் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பது தனிக் கேள்வி.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஹான்ஸ், ஃப்ரெட் பால்மன் என்ற இரு சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து ஷால்க்கேயில் ஆடினார்கள். அங்கே வளர்ந்தவர்கள். உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதற்குப் பதிலாக, பந்தைத் தரையோடு வைத்துக் குட்டிக் குட்டி பாஸாகக் கொடுத்து வாங்கும் வழக்கத்தை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். அதை ஊரே வியக்கும் கலையாக்கியவர்கள் எர்ன்ஸ்ட் குட்சோராவும் ஃபிரிட்ஸ் ஷெப்பானும். பந்து கைமாறிக் கைமாறிச் சுற்றும். எதிரணிக்காரன் நடுவில் நின்று தலை சுற்றிப் போவான். அதற்கு ஜெர்மனில் வைத்த பெயர் ‘க்ரைசல்’. நம் பம்பரம்தான். இருவரும் மாமன் மச்சான் வேறு, குட்சோராவின் தங்கையைக் கட்டியவர் ஷெப்பான். குட்சோரா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷெப்பான் பழகியது தகர வேலை. அணியே கரி படிந்த முகத்தோடு ஷிஃப்ட் முடித்து மைதானத்துக்கு ஓடி வந்தது என்ற சித்திரம் ரொம்ப அழகுதான், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

சுரங்கத்துக்கும் கிளப்புக்கும் இருந்த உண்மையான கட்டு வேறு விதமானது. பக்கத்திலேயே இருந்த கன்சோலிடாட்சியோன் என்ற பெரிய சுரங்க நிறுவனம் இடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே 1928-இல் ‘குளூக்அவுஃப்’ மைதானம் திறந்தார்கள். குளூக்அவுஃப் என்பது சுரங்கத்தில் இறங்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம். ‘உனக்குக் கனிமம் திறக்கட்டும், நல்லபடியாக மேலே வா’ என்ற இரண்டும் அதில் இருப்பதாகக் கொள்ளலாம். நானும் என் குழுவைக் கீழே இறக்கும்போது இன்றும் அதையே சொல்கிறேன்.

1930-இல் ஒரு பெரிய அடி. அப்போது ஜெர்மனியில் தொழில்முறைக் கால்பந்து கிடையாது. ஆட்டத்துக்குச் செலவுப் படி 5 மார்க் வரைக்கும்தான் கொடுக்கலாம். ஷால்க்கே அதற்கு மேல் கொடுத்தது. எல்லா பெரிய அணிகளும் ஏதோ ஒரு வழியில் இதைச் செய்துகொண்டிருந்தன என்பது அன்றே ஊரறிந்த இரகசியம், ஆனால் மாட்டியது ஷால்க்கே. ஆகஸ்ட் மாதத்தில், கிளப்பின் முதல் அணியில் இருந்த 14 வீரர்களைத் ‘தொழில்முறை ஆட்டக்காரர்கள்’ என்று அறிவித்துத் தடை செய்தார்கள். கிளப்பின் பொருளாளர் வில்லி நியர் அவமானம் தாங்காமல் ரைன்-ஹெர்னே கால்வாயில் விழுந்து உயிரை விட்டார். கடைசியில் தடையை விலக்கிக்கொண்டார்கள். 1931 ஜூன் 1 அன்று அவர்கள் திரும்பி வந்து டுசெல்டோர்ஃப் அணியோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 70,000 பேர் வந்தார்கள். மைதானத்தில் அதில் பாதிப் பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் எல்லைக் கோடு வரைக்கும் வந்து நின்றார்கள். அது ஒரு சாதாரண வார நாள் ஆட்டம், எந்தக் கோப்பையும் பணயத்தில் இல்லை. ‘ஏன் இவ்வளவு பிடிப்பு’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு நாளைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். அதுவரை அவர்கள் ஒரு தேசியப் பட்டம்கூட வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் வாங்கினார்கள், மூச்சு விடாமல். 1934, 1935, 1937, 1939, 1940, 1942. 1934 இறுதி ஆட்டத்தில் நியூரன்பெர்க் அணி 1–0 என்று முன்னணியில் இருந்தது. கடைசி நிமிடங்களில் ஷெப்பான் சமன் செய்ய, முடியும் தறுவாயில் குட்சோரா வெற்றிக் கோலை அடித்துவிட்டுச் சுருண்டு விழுந்தார். குடலிறக்கத்தோடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். 1937-இல் லீக், கோப்பை இரண்டும் ஒரே ஆண்டில். ஜெர்மனியில் அதுவரை யாரும் செய்யாதது. 1939 இறுதியில் வியன்னாவின் அட்மிரா அணியை 9–0 என்று வென்றது (ஆஸ்திரியா அப்போது ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்தது). 1933-க்கும் 1944-க்கும் இடையே மாகாண லீக்கான வெஸ்ட்ஃபாலியாவில் 11 பருவங்கள் நடந்தன, பதினொன்றிலும் முதலிடம் ஷால்க்கே.

வருடங்களைப் பார்த்தாலே உங்கள் கொசுறுக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஏழு லீக் பட்டங்களில் ஆறு நாஜி ஆட்சிக் காலத்தில் வந்தவை. ‘ஹிட்லரின் அணி’ என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லை. ஹிட்லருக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு இருந்ததாகவே தெரியவில்லை. ஆட்சி தலையிட்டு இந்த அணியை ஜெயிக்க வைத்தது என்பதற்கும் ஆவணச் சான்று கிடையாது. பம்பர ஆட்டம் 1933-க்கு முன்பே முழு வடிவம் பெற்றுவிட்டது. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் தோற்ற அதே அணிதான் மறு ஆண்டு ஜெயித்தது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு கையைத் தட்டிவிட்டுப் போவது நேர்மையில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் வரிசை கலையாமல் ஆடி நாட்டின் முதல் அணியாகிறார்கள் என்ற கதை, ‘ஒரே மக்கள் சமுதாயம்’ என்ற நாஜிப் பிரசாரத்துக்கு அச்சு வார்த்தது போல் பொருந்தியது. நாஜிகள் அதைப் பயன்படுத்தினார்கள், கிளப்பும் பயன்படுத்த விட்டது. 1938-இல் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, ஆதரவாக வாக்களிக்கச் சொன்ன பிரபலங்களில் குட்சோராவும் ஷெப்பானும் உண்டு. கிளப்பின் துணைத் தலைவராக இருந்த பால் ஐஷன்குருன் யூதர், பல் மருத்துவர். 1933-இலேயே பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

ஷெப்பான் விஷயம் இன்னும் கசப்பானது. ஷால்க்கே சந்தைத் திடலில் யூதர்களுக்குச் சொந்தமான ஒரு துணிக்கடை இருந்தது. யூதர்களின் சொத்துகளைப் பிடுங்கி ‘ஆரிய’ கைகளுக்கு மாற்றிய 1938-இல் அந்தக் கடை ஷெப்பான் கைக்கு வந்தது. பழைய உரிமையாளர்களைப் பின்னர் ரீகாவுக்கு நாடு கடத்திக் கொன்றார்கள். போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஊரில் யாரும் இதைப் பேசவில்லை. புது மைதானம் கட்டும்போது அங்கே ஒரு சாலைக்கு அவர் பெயரை வைக்கப் போனார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்து, பெயர் சூட்டல் நின்றது. அதன் பிறகு கிளப்பே வரலாற்றாய்வாளர்களை அமர்த்தி நாஜிக் காலத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு செய்ய வைத்து 2005-இல் வெளியிட்டது. ‘கொள்கை வெறியர்கள் இல்லை, ஆனால் கிடைத்ததை வாங்கிக்கொண்டவர்கள்’ என்று அந்தக் காலத்து ஷால்க்கேகாரர்களைச் சொல்லலாம் என்பது என் வாசிப்பு. இதை ஏற்காத ஆட்களும் இருப்பார்கள், இரண்டு பக்கத்திலும்.

சந்தேகத்துக்குரிய கதைகளில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மேலதிகாரி கட்டாயம் எடுப்பார். 1941 ஜூன் 22, பெர்லின், இறுதி ஆட்டம். அன்று காலையில்தான் ஜெர்மானியப் படை சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்திருந்தது. ஷால்க்கே 3–0 என்று முன்னணியில் இருந்து, வியன்னாவின் ராப்பிட் அணியிடம் 4–3 என்று தோற்றது. ஃபிரான்ஸ் பிண்டர் மட்டும் மூன்று கோல். வியன்னா மக்களைச் சமாதானப்படுத்த மேலிடம் சொல்லி வைத்த முடிவு என்று ரூரில் இன்றும் சொல்வார்கள். வியன்னாவில் கோபம் இருந்தது நிஜம். முந்தைய நவம்பரில் அங்கே அட்மிராவோடு ஷால்க்கே ஆடிய நட்பு ஆட்டம் கலவரமாகி, நாஜி ஆளுநரின் கார்க் கண்ணாடியையே உடைத்தார்கள். ஆனால் இறுதி ஆட்டத்தில் தில்லுமுல்லு நடந்தது என்பதற்குத் தோற்றவர்களின் வயிற்றெரிச்சலைத் தவிர வேறு சாட்சி இல்லை. 9–0 ஆட்டத்தைப் பற்றி வியன்னாக்காரர்களும் இதே மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. அணியின் அடோல்ஃப் உர்பான் 1943-இல் கிழக்கு முனையில் இறந்துபோயிருந்தார், குட்சோராவுக்கும் ஷெப்பானுக்கும் வயதாகிவிட்டது. 1958-இல் ஹனோவரில் ஹாம்பர்க் அணியை 3–0 என்று வென்று வாங்கிய பட்டம்தான் கடைசி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இது நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லை: 1958 என்ற ஆண்டு இந்தக் கதையில் இரண்டு வழிகளில் கனக்கிறது. நிலக்கரி நெருக்கடி தொடங்கியதும் அதே ஆண்டுதான். எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் மலிந்து, வெட்டியது விற்காமல் சுரங்க வாசலில் குவியத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் கெல்சன்கிர்ஷனின் மக்கள்தொகை நான்கு லட்சத்தை நெருங்கியிருந்தது. இன்று சுமார் 2.6 லட்சம். ஊருக்கும் அணிக்கும் உச்சி ஒரே வருடத்தில் வந்து போயிற்று. அதனால் இங்கே வயதானவர்கள் ‘ஐம்பத்தெட்டு’ என்று சொல்லும்போது கோப்பையை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை.

1963-இல் நாடு முழுவதுக்குமான முதல் பிரிவு லீக்காகப் புண்டஸ்லீகா தொடங்கியபோது ஷால்க்கேயும் ஒரு நிறுவன உறுப்பினர். அடுத்த எட்டாவது ஆண்டில் கறை. 1971 ஏப்ரல் 17, சொந்த மைதானத்தில், கீழே விழும் நிலையிலிருந்த பீலஃபெல்ட் அணியிடம் ஷால்க்கே 1–0 என்று தோற்றது. காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள், தலைக்கு 2,300 மார்க். ஜூன் மாதம் ஆஃபன்பாக் கிளப்பின் தலைவர் கனெயாஸ் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், தோட்டத்தில் விருந்தாளிகளை உட்கார வைத்து, தொலைபேசிப் பேரங்களின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார். பல அணிகள் இதில் சிக்கின. ஷால்க்கே வீரர்கள் மட்டும் நீதிமன்றத்தில் ‘வாங்கவே இல்லை’ என்று சத்தியம் செய்துவிட்டு, வருடக்கணக்கில் அதைக் காப்பாற்றப் பார்த்து, கடைசியில் பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை பெற்றார்கள். ‘எஃப்.சி. பொய்ச்சத்தியம்’ என்று மற்ற ஊர் ரசிகர்கள் கத்துவது அதைத்தான். வேதனை என்னவென்றால் அது போருக்குப் பிந்தைய மிகத் திறமையான ஷால்க்கே அணி. 1972-இல் கோப்பையை 5–0 என்று வாங்கி, லீக்கில் இரண்டாவதாக வந்தது. சிதறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே டீக்கடை, மன்னிக்கவும், பியர்க்கடை தோறும் பேச்சு உண்டு.

தண்டனை பெற்றவர்களில் வலது ஓர ஆட்டக்காரர் ரைன்ஹார்ட் லிபுடாவும் ஒருவர். ‘கடவுளைத் தாண்டி யாரும் போக முடியாது’ என்று மதப் பிரசங்கச் சுவரொட்டி ஒட்டியிருந்ததாம். அதன் கீழே யாரோ ‘லிபுடாவைத் தவிர’ என்று எழுதிப் போனார்களாம். எந்தத் தெரு, எந்த வருடம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அதனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆடுவதை நிறுத்திய பின் அவர் குட்சோராவின் புகையிலைக் கடையை எடுத்து நடத்தினார் என்பது மட்டும் கதை இல்லை. 52 வயதில் இறந்துபோனார்.

எண்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம்: 1981, 1983, 1988 என்று மூன்று முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள், 1991-இல் மேலே வந்து நிலைத்தார்கள். 1997-இல் ஐரோப்பிய கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை. ஹூப் ஸ்டேவன்ஸ் என்ற கண்டிப்பான டச்சுப் பயிற்சியாளர், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத அணி. மிலானுக்கே போய் இன்டர் அணியைப் பெனால்டியில் வென்றார்கள். அந்த வீரர்களுக்கு இன்றும் ஊரில் எந்தக் கடையிலும் பில் போட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு.

2001-க்குத்தான் நிதானமாக நிற்க வேண்டும். நான் அப்போது இங்கே இல்லை, ஆனால் இருந்தவர்கள் சொல்லும்போது குரல் மாறுவதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். கடைசிச் சுற்றுக்கு முந்தைய வாரம், ஷால்க்கே ஸ்டுட்கார்ட்டில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. கிட்டத்தட்ட அதே வினாடியில் மியூனிக்கில், பட்டத்துக்குப் போட்டியிட்ட பயர்ன் அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் அடித்து ஜெயித்தது. இப்போது மூன்று புள்ளி வித்தியாசம். மே 19, கடைசி நாள். ஷால்க்கே ஜெயிக்க வேண்டும், ஹாம்பர்க்கில் பயர்ன் தோற்க வேண்டும். கோல் கணக்கில் ஷால்க்கே மேலே இருந்ததால் பட்டம் வந்துவிடும். பார்க்ஸ்டாடியோன் என்ற பழைய மைதானத்தில் கடைசி லீக் ஆட்டமும் அன்றுதான். உன்டர்ஹாஹிங் அணியிடம் 2–0 என்று பின்தங்கி, எழுந்து, 5–3 என்று முடித்தார்கள். ஹாம்பர்க்கில் 90-வது நிமிடம் ஹாம்பர்க் வீரர் பார்பரேஸ் தலையால் முட்டிக் கோல் போட்டார். அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு தப்பான சேதி பரவியது. கூட்டம் மைதானத்துக்குள் கொட்டியது, வாணவேடிக்கை, அழுகை, கட்டிப்பிடித்தல். 43 வருடம்! பிறகு மைதானத்தின் பெரிய திரையில் ஹாம்பர்க்கிலிருந்து நேரடிக் காட்சி தெரிய ஆரம்பித்தது. ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க் கோல்கீப்பர், தன் அணிக்காரர் பின்னால் தட்டிய பந்தைக் கையால் எடுத்துவிட்டார் என்று நடுவர் மெர்க் பெனால்டிக் கட்டத்துக்குள் மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். அடித்தவர் ஆண்டர்சன், அந்தப் பருவத்தில் பயர்னுக்காக அவர் போட்ட ஒரே லீக் கோல். பந்து சுவரில் ஒரு சந்து கண்டு உள்ளே போனது. 1–1, பட்டம் பயர்னுக்கு. அந்த கோல்கீப்பர் ஷோபர், ஷால்க்கேயில் வளர்ந்து ஷால்க்கேயிலிருந்து கடனாகப் போனவர் என்பதை எந்தக் கதாசிரியராவது எழுதினால் அதிகப்பிரசங்கி என்போம். நான்கு நிமிடச் சொச்சம் சாம்பியன்களாக இருந்தார்கள். கிளப் மேலாளர் அசௌவர், இனிமேல் கால்பந்துக் கடவுளை நம்ப மாட்டேன் என்றார். நாடு அவர்களுக்கு ‘இதயங்களின் சாம்பியன்’ என்று பட்டம் கொடுத்தது. நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு: அந்த ஃப்ரீ கிக் சரியா? விதிப்படி, பந்தை வேண்டுமென்று காலால் தந்தாரா என்பதைப் பொறுத்தது. நான் காணொளியை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். ஒரு வாரம் கழித்து ஜெர்மன் கோப்பையை வாங்கினார்கள், ஆனால் அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

2007-இல் மறுபடி கை நழுவியது. முதலிடத்தில் இருந்தவர்கள் கடைசிக்கு முந்தைய சுற்றில் டோர்ட்முண்டில் தோற்றார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பரம எதிரி. ஒருவர் பெயரை மற்றவர் வாயால் சொல்ல மாட்டார்கள். ஷால்க்கேகாரர்களுக்கு டோர்ட்முண்ட் ‘லுடன்ஷைட் வடக்கு’, அவர்களுக்கு ஷால்க்கே ‘ஹெர்னே மேற்கு’.

அதற்குப் பிந்தைய சரிவு பெரும்பாலும் பணக் கதை. பெரிய மைதானம், பெரிய சம்பளங்கள், ஒவ்வொரு ஆண்டும் ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விடுவோம் என்ற கணக்கு, ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் விளம்பரப் பணம். ஸ்பெயினின் ரவுலைப் போன்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்து 2011-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். கோவிட் வருவதற்குள் கடன் 200 மில்லியன் யூரோ அளவில் நின்றது. 2020 ஜனவரியிலிருந்து தொடர்ந்து 30 லீக் ஆட்டம் ஜெயிக்கவில்லை. 31 என்பது எக்காலத்துக்கும் மோசமான சாதனை, அதற்கு ஒன்று முன்னால் தப்பினார்கள். 2021 ஏப்ரல் 20 அன்று கீழே இறங்குவது உறுதியானது. எங்கே தெரியுமா? பீலஃபெல்டில், 1–0. லஞ்சம் வாங்கித் தோற்ற ஆட்டத்துக்குச் சரியாக ஐம்பது வருடமும் மூன்று நாளும் கழித்து, அதே எதிரணி, அதே கணக்கு. அன்றிரவு திரும்பி வந்த வீரர்களை ரசிகர்கள் சிலர் மைதான வாசலில் துரத்தி அடித்ததும் நடந்தது; பாசம் என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2022-இல் மேலே வந்து 2023-இல் மறுபடி இறங்கினார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் காஸ்ப்ரோம் பெயரைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் பிரிவில் ஆடியபோதும் அரங்கத்துக்கு 60,000 பேர் வந்தார்கள். ஜெர்மனியில் வேலையின்மை மிக அதிகமான நகரங்களைப் பட்டியல் போட்டால் அடிக்கடி முதலில் வரும் ஊர் இது. பெரிய கிளப்கள் பலவும் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக்கிப் பங்கு விற்றுவிட்டன. ஷால்க்கே இன்னும் உறுப்பினர்களின் சங்கமாகவே இருக்கிறது. அது நல்லதா, கடனுக்கு அதுவும் ஒரு காரணமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. வீரர்கள் ஆடுகளத்துக்கு வரும் சுரங்கப்பாதையை நிலக்கரிச் சுரங்கம் மாதிரியே அமைத்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்து ஊர் பொட்ராப்பில் மூடப்பட்ட அதே வாரம், இங்கே ஆட்டத்துக்கு முன் தொழிலாளிகளை வரவழைத்து, விளக்கை அணைத்து, அரங்கமே சுரங்கப் பாட்டைப் பாடியது. விளம்பர உத்தி என்று கேலி செய்ய வந்தவன்தான் நான். என் பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அதற்கப்புறம் கேலி வரவில்லை.

ஜெர்மன்காரர்கள் ‘பாரம்பரிய கிளப்’ என்று சொல்லும்போது கோப்பை அலமாரியைக் குறிப்பதில்லை. நிறுவனத்தின் பணத்தில் அண்மையில் முளைத்த அணிகளுக்கு எதிர்ப்பதமாகத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கொஞ்சம் பாசாங்கும் உண்டு, ஏனென்றால் ஷால்க்கேயும் சுரங்க முதலாளியின் நிலத்தில், பிறகு எரிவாயுக்காரரின் பணத்தில் ஆடியதுதான்.

மேலதிகாரியோடு பேச உங்களுக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, டோர்ட்முண்ட் என்ற பெயரையும் ஆண்டர்சன் என்ற பெயரையும் எடுக்காதீர்கள். இரண்டு, வேலை விஷயமாக இந்தப் பக்கம் அனுப்பினால் அரங்கத்துக்கு மட்டும் போய்த் திரும்பாதீர்கள். கெல்சன்கிர்ஷன் ரயில் நிலையத்திலிருந்து 302 டிராம் நேராக அரங்கத்துக்குப் போகும். வழியில் எர்ன்ஸ்ட் குட்சோரா திடலில் இறங்குங்கள். பழைய குளூக்அவுஃப் மைதானம் அங்கேயே இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் புனித ஜோசப் தேவாலயம். அங்கே ஒரு கண்ணாடிச் சன்னலில் புனித அலோசியுஸ் நீலம் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு, காலடியில் கால்பந்தோடு நிற்கிறார்.